நினைவில் இருக்கும் ஒரு பாலைவன ரயில் நிலையத்தை மாடல் ரயில் லேஅவுட்டாக, அதாவது பலகை மேல் குட்டி ரயில் ஓடும் சிறு மாதிரியாகக் கட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் கட்டி முடித்ததும், இது நீங்கள் பார்த்த இடமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் இடமா என்று ஒரு தகராறு வரும். எனக்கு வந்தது.

நான் எடுத்துக்கொண்டது கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் கெல்சோ. அங்கே நான் நின்றது ஒரே ஒரு மத்தியானம். ஆள் அரவம் இல்லாத வெட்டவெளியில் பனைகள் சூழ, சிவப்பு ஓடு வேய்ந்த இரண்டு மாடிக் கட்டடம். அதையொட்டி யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பாதையில் ஒரு சரக்கு வண்டி மெதுவாக ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. 1924-ல் திறந்த நிலையம் அது. கிழக்கே சீமா என்ற ஊர் வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு 2.2 சதவீத ஏற்றம். நீராவிக் காலத்தில் வண்டிகளை மேலே ஏற்ற இங்கேதான் பேங்கர் எஞ்சின், அதாவது பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும் கூடுதல் எஞ்சின் சேர்ப்பார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர், ஊழியர்களுக்குச் சாப்பாடு, படுக்க அறை எல்லாம் அந்த ஒரே கட்டடத்தைச் சுற்றித்தான். 1985-ல் மூடி, 2005-ல் பார்வையாளர் மையமாகத் திரும்பத் திறந்தார்கள்.

தொடங்கும் விதம் பற்றி என் ஒரே பிடிவாதம் இது: புகைப்படம் எதையும் பார்க்காமல் முதலில் நினைவிலிருந்து ஒரு படம் வரையுங்கள். அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. படங்களைத் தேடுவது அதற்குப் பிறகு. முன்னாடியே பார்த்துவிட்டால் உங்கள் நினைவு எது, அடுத்தவர் கேமரா எது என்று பிரிக்கவே முடியாது.

என் படத்தில் கட்டடத்துக்கு நேர் பின்னால் பெரிய மணல்மேடு இருந்தது. உண்மையில் கெல்சோ மணல்மேடுகள் தென்மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. காரில் பார்த்ததையும் நடந்து பார்த்ததையும் மனசு ஒரே சட்டகத்தில் ஒட்டிவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டைகளால் செய்த குட்டிச் சிறைக்கூண்டு ஒன்று இருக்கிறது. அது என் படத்தில் இல்லவே இல்லை! கூண்டைச் செய்து வைத்தேன். மணல்மேட்டை, பலகைக்குப் பின்னால் தீட்டி வைக்கும் பின்திரைக்கு அனுப்பினேன், அதுவும் ஓரமாக.

அடுத்தது கணக்கு. என்னிடம் இருந்தது 3 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை. அளவு 'N' ஸ்கேல், அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. கெல்சோவிலிருந்து சீமா வரை அப்படியே செய்தால் 181 மீட்டர் வேண்டும். ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 4 மீட்டர், வீட்டுக் கூரையைத் தாண்டிவிடும். 87-ல் ஒரு பங்கான ஹெச்ஓ ஸ்கேல் என்றால் நீளம் மட்டும் 330 மீட்டருக்கு மேல். ஆகவே எல்லோரும் சுருக்கித்தான் ஆக வேண்டும். எதைச் சுருக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கட்டடத்தை வைத்து, பட்டறையை வைத்து, இன்னொரு பாதையையும் போட்டு, நடுவில் இருந்த வெறுமையைச் சுருக்கிவிடுவார்கள். பாலைவனத்தில் நாம் பார்த்ததே அந்த வெறுமையைத்தானே? நான் கிளைப்பாதைகளைக் குறைத்துக்கொண்டேன். பலகையில் பாதிக்கு மேல் ஒரு கட்டடமும் இல்லை. "இன்னும் முடிக்கலையா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

2.2 சதவீதத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 3 மீட்டரில் 6.6 சென்டிமீட்டர்தான் உயர்வு. ஆனால் நீளமான வண்டியைப் பூட்டினால் எஞ்சின் சக்கரம் வழுக்கும், பின்னால் இன்னொரு எஞ்சின் கேட்கும். அந்த இடத்தின் கதை அதுதான் என்பதால் அந்தத் தொல்லையை விரும்பி வைத்திருக்கிறேன்.

மணல் விஷயத்தில் நான் ஏமாந்தேன். பாலைவனத்துக்கு நிஜ மணலைவிட வேறென்ன வேண்டும் என்று சலித்துத் தூவினேன். அரை மில்லிமீட்டர் மணல்துகள் இந்த ஸ்கேலில் 8 சென்டிமீட்டர் கூழாங்கல். தரை முழுக்கச் சரளைக்கல் கொட்டியது போல் ஆகிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட் பொடியில் சாம்பல், பழுப்பு இரண்டையும் கலந்து போட்டேன். மஞ்சள் வேண்டாம், மஞ்சள் போட்டால் சினிமா செட் ஆகிவிடும். எந்த மண்ணைத் தூவினாலும் முதலில் காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கெல்சோ மணலிலேயே மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத்தாது உண்டு, அந்தத் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் அவ்வளவுதான். நினைவுக்காக அங்கிருந்தே ஒரு பிடி அள்ளி வரலாமே என்று தோன்றும். அது பாதுகாக்கப்பட்ட நிலம், எடுக்கக் கூடாது.

தரையின் வடிவமும் முக்கியம். சமதரையில் மலை திடீரென்று முளைப்பதில்லை. மழை வரும் சில நாட்களில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மண், மலையடியிலிருந்து விசிறி மாதிரி நீண்ட சரிவாகப் பரவியிருக்கும். ஃபோம் அட்டையை அப்படிச் செதுக்குங்கள். தண்டவாளம் அந்த வெள்ளத்தின் குறுக்கே போவதால், நீரைத் திருப்பிவிட மேட்டுப் பக்கம் மண்கரைகளும் பாதைக்கு அடியில் சின்னப் பாலங்களும் வேண்டும். தண்ணீரே இல்லாத இடத்தில் இத்தனை பாலம் எதற்கு என்று பார்ப்பவர் கேட்டால், நீங்கள் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பாலைவனத்தில் வளரும் கிரியோசோட் புதர்களை நெருக்கி நடாதீர்கள். நிஜத்தில் ஒவ்வொன்றும் இன்னொன்றிடமிருந்து ஒதுங்கி நிற்கும். இந்த ஸ்கேலில் 1 சென்டிமீட்டர் உயரம் போதும்.

பின்திரையில் தூரத்து மலைகளை வெளிர் நீலமாக்குவதுதான் வழக்கமான பாடம். நானும் அப்படித்தான் தீட்டினேன், குளிர்ப்பிரதேசம் போல இருந்தது. உலர்ந்த காற்றில் தூரத்து மலைகூடக் கூர்மையாக, பக்கத்தில் இருப்பது போல் தெரியும். இரண்டாம் தடவை நீலத்தைப் பாதியாகக் குறைத்து, பழுப்பு நிழல்களைச் சேர்த்தேன். விளக்கும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான், மத்தியானம் சாய்ந்த நேரத்துக்கு.

பராமரிப்பு? தண்டவாளத்தை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன். மற்ற இடங்களில் தூசி படிந்தால் தொடுவதில்லை. நான் பூசிய நிறத்தைவிட அது நன்றாகவே பொருந்துகிறது.