டியூப் ஆம்ப்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடலை எப்படி வைப்பது?

டியூப் ஆம்ப் என்பது டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. குழாயின் வரம்பை மீறி சிக்னல் வந்தால் அலையின் உச்சி மழுங்கி, புது மேல்சுரங்கள் சேரும். நாம் தேடும் கரகரப்பு அதுதான். ஓவர்டிரைவ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் இணைத்து, காலால் மிதித்து அந்தக் கரகரப்பைக் கூட்டும் சிறு பெட்டி.

முதலில் பெடல் இல்லாமலே ஆம்ப்பைச் சரிசெய்யுங்கள். மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரத்தும் ஒலிக்க வேண்டும். அப்புறம் பெடலில் டிரைவை (பெடலே சேர்க்கும் கரகரப்பின் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்து, லெவலை (ஆம்ப்புக்குப் போகும் சிக்னலின் அளவு) மட்டும் ஏற்றுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலுக்கு ஒரு விரல் தள்ளு போதுமே, அப்படித்தான். டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் வகைப் பெடல்கள் பேஸை (தாழ்ந்த ஒலிகள்) குறைத்து மிட்டை (நடுத்தர ஒலிகள்) தூக்குவதால் தடித்த தந்திகள் குழம்பாது.

டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) பெடல்கள் இரண்டும் கரகரப்புக்குப் பின்னால் வரட்டும். ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பே (முதல் பெருக்கப் பகுதி) கரகரத்தால், அவற்றை எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் பெடல் இணைக்க ஆம்ப்பில் உள்ள துளைகள்) செருகுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு எதிரொலியும் நசுங்கிக் கூழாகும். (சிலருக்கு அந்தக் கூழே பிடிக்கும், அது வேறு கதை.)