வெடுக்கென்று இழுத்ததால்தான் பல்செட் அளவு தப்பியதா?

கேள்வி: கீழே மூன்று பல் இல்லை. கழற்றி மாட்டும் பல்செட்டுக்காக ரோஸ் நிற மாவை வாயில் வைத்து அளவெடுத்தார்கள். இறுகியதும் டாக்டர் வெடுக்கென்று இழுத்துவிட்டார். செட் வந்தது, சரியாக உட்காரவில்லை. மறுபடி அளவெடுக்க வேண்டுமாம். மெதுவாக எடுத்திருந்தால் சரியாக வந்திருக்குமோ?

பதில்: இல்லைங்க, அந்த வெடுக்தான் சரியான முறை. அந்த மாவு ஆல்ஜினேட், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது (நம் மண்டபம் பக்கம் கிடைக்கும் பாசியிலும் அது உண்டு). இறுகிய பிறகு ரப்பர் மாதிரி இருக்கும், பல்லின் உப்பலான பகுதியைத் தாண்டி வெளியே வரும்போது அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். அமுங்கியபடி அதிக நேரம் இருந்தால் முழுதாகத் திரும்பாது. ஆட்டி ஆட்டி எடுத்தால் கிழியவும் கிழியும். படிக்கிற காலத்தில் நோயாளிக்கு வலிக்குமே என்று நான் அப்படி ஆட்டி எடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் சந்தேகப்படுவது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். வாயிலிருந்து எடுத்த அந்த மாவு அச்சில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். மேசையில் சும்மா கிடந்தால் காய்ந்து சுருங்கும், சரி என்று தண்ணீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி உப்பும், இரண்டுமே அளவைக் கெடுக்கும். எச்சிலைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, 10-15 நிமிடத்துக்குள் ஸ்டோன் மாவை (கல் மாதிரி இறுகும் ஜிப்சம் மாவு, உங்கள் வாயின் மாடல் இதில்தான் வரும்) குழைத்து அச்சுக்குள் ஊற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஈர டிஷ்யூ சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டு அரை மணி நேரத்துக்குள்ளாவது ஊற்ற வேண்டும். லேப் பையன் சாயங்காலம் வந்து வாங்கிப் போவான் என்று காத்திருந்தால் போச்சு! பல நாள் தாங்கும் ரகங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றையும் காயவிடாமல் மூடித்தான் வைக்க வேண்டும்.

கலக்கும்போதும் தப்பலாம். பவுடரும் தண்ணீரும் கண்ணளவில் போடுவது, வெயில் காலத்தில் டேங்க் தண்ணீரை அப்படியே ஊற்றுவது (சூடான தண்ணீரில் வாயில் வைப்பதற்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும்), இறுகின மாதிரி தெரிந்ததும் இரண்டு நிமிடம் பொறுக்காமல் எடுப்பது. மாவை ஏந்தி வாயில் வைக்கும் ட்ரேயை விட்டு மாவு பெயர்ந்து வந்திருந்தால் அமுக்கி ஒட்டக் கூடாது, அந்த அச்சு குப்பைக்குத்தான்.

அச்சு சரியாக இருந்து லேபில் செட் செய்யும்போது பிசகியிருக்கவும் வாய்ப்புண்டு. எதுவானாலும் நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், மறு அளவுக்குத் தயங்காமல் போங்கள். மாடலை அங்கேயே ஊற்றுவார்களா என்று கேளுங்கள், கேட்டால் தப்பில்லை. குமட்டல் வரும் ஆள் என்றால் முன்பே சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால் மூச்சு விடுங்கள். ட்ரே உள்ளே இருக்கும்போது நாக்கை மட்டும் ஆட்டாதீர்கள்.