கோபுரம் பார்த்து மொட்டைமாடியில் சாப்பாடு: மதுரைக்காரரிடம் கேள்வி பதில்

மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியையொட்டி உள்ள ஹோட்டல்கள் சிலவற்றில் மொட்டைமாடி உணவகம் உண்டு. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

எத்தனை மணிக்குப் போனால் நல்லா இருக்கும்?

சாயங்காலம் ஐந்தரைக்கு. இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு "என்னத்த வியூ" என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். இந்த வீதி கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. அதனால் மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய் நேரே கோபுரத்தில் விழும். சுதை பொம்மைகளின் பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். காலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் நிற்பதால் வெறும் கருப்பு உருவம்தான் கிடைக்கும். பௌர்ணமியன்று போக முடிந்தால் விடாதீர்கள், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நிலா எழுவது கோபுரங்கள் இருக்கும் திசையில்.

எது எந்தக் கோபுரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

மொத்தம் 14 கோபுரம். பெரிய நாலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிட்ட இருப்பது மேலக்கோபுரம். வலது கைப்பக்கம் தெற்குக் கோபுரம், நாலிலும் உயரம் அதுதான், சுமார் 160 அடி. இடது பக்கம் வடக்குக் கோபுரம். ரொம்ப காலம் முடிக்கப்படாமலே நின்றதால் ஊருக்குள் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பேர். எதிரே தூரத்தில் கிழக்கு. தெற்கே திரும்பினால் திருப்பரங்குன்றம், வடகிழக்கே யானைமலை. வானம் தெளிவாக இருந்தால் இரண்டும் தெரியும்.

சென்னை, பெங்களூரு மாதிரி இருபதாவது மாடியில் எதுவும் இல்லையா?

இல்லை, இல்லாததும் நல்லதுக்குத்தான். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 1997இல் அரசாணை போட்டார்கள். மீறல்கள் பற்றி ஹைகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் இந்நேரம் கோபுரத்தைத் தேட வேண்டியிருந்திருக்கும். இப்போது இருக்கும் மாடி உயரமே போதும். கோயிலைச் சுற்றி அதுவே உச்சி.

டேபிள் புக் பண்ணணுமா?

சனி, ஞாயிறு, சபரிமலை சீசன் என்றால் போன் போட்டுவிடுங்கள். "கிழக்குப் பக்கம், சுவரோரம்" என்று சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஒன்று: சில மாடிகளில் கைப்பிடிச் சுவர் உயரம். நின்றால் முழுக் கோபுரம், உட்கார்ந்தால் சுவரும் அடுத்த கட்டடத்துக் கருப்புத் தண்ணீர் டேங்கும்தான். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு ஆர்டர் கொடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இருக்கா?

லிஃப்ட் உண்டு. மாடி வரைக்கும் போகுமா என்பதுதான் கேள்வி. பல இடங்களில் கடைசித் தளத்துக்குப் படிதான். போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு எப்படி? என்ன ஆர்டர் பண்ணலாம்?

மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், மதுரையின் சிறந்த சாப்பாடு மாடியில் இல்லை. சமையலறை கீழே இருந்தால் நெய் ரோஸ்ட் கூம்பாகக் கிளம்பி, லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே வந்து சேர்வதற்குள் நமத்துத் தட்டில் சாய்ந்திருக்கும். பஜ்ஜிக்கும் அதே கதிதான். காற்று வேறு, இட்லி ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். கிண்ணத்தில் வருவதைச் சொல்லுங்கள்: சூப், சப்பாத்தி குருமா, புலாவ். இல்லையென்றால் டபராவில் காபி. நான் என்ன செய்வேன் என்றால், மேலே காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கீழே இறங்கி ஏதாவது மெஸ்ஸில் கறிதோசை சாப்பிட்டு, விளக்குத்தூண் போய் ஜிகர்தண்டா குடிப்பேன்.

பீர் கிடைக்குமா?

சைவ மாடியில் கிடைக்காது. பார் இருந்தால் தனித் தளத்தில் இருக்கும்.

போனில் படம் எடுக்க டிப்ஸ்?

கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்குத் தடை. ஆகவே உங்கள் படமெல்லாம் வெளியிலிருந்தும் மாடியிலிருந்தும்தான். சூரியன் மறைந்து வானம் முழுசாகக் கறுக்கும் முன் கால்மணி நேரம் கருநீலமாக இருக்கும், கோபுர விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். அப்போது போனைச் சுவர் மேல் வைத்து அசையாமல் எடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்துக்கு அது எட்டாது.

எந்த மாதம் வேண்டாம்?

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் காற்று, டிஷ்யூ பேப்பர் பக்கத்து டேபிளுக்குப் போய்விடும். சித்திரைத் திருவிழா சமயம் ரூமே கிடைக்காது. தேர் ஓடுவது மாசி வீதிகளில், நடுவே கட்டடங்கள் மறைப்பதால் அதற்குத் தெருவில் நிற்பதுதான் சரி. இன்னொன்று, திருப்பணி நடக்கும் காலத்தில் கோபுரங்களில் சாரம் கட்டி மூடிவிடுவார்கள். டேபிள் சொல்லும்போதே "கோபுரம் திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.