குலை வெட்டும் தோளும் மேடைத் தோளும்

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்காரன். ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டழகர் போட்டியில் இறங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "உடம்பில் சாயம் பூசிக்கொண்டு நிற்பதெல்லாம் விளையாட்டா? தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல உடம்பு இருக்கிறதே" என்கிறார் மாமா. இதில் திறமை என்று ஒன்று உண்டா, ஐயா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வதில் பாதி சரி. என் அப்பாவும் குலை வெட்டியவர்தான். கம்பத்தில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுத்து இழுத்து, அவருடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை ஏறியே இருக்கும். சட்டை தைக்கிறவர் அளவெடுக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். அது வேலை செதுக்கிய உடம்பு. ஆனால் அந்தத் தோளோடு மேடை ஏறினால் நடுவர் கண் நேராக அங்கேதான் போகும். அங்கே இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். மார்பு பெருத்து, கெண்டைக்கால் குச்சியாக இருந்தால் போச்சு. எந்தத் தசை பின்தங்குகிறது என்று கண்ணாடியில் கண்டுபிடிப்பதற்கே வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். அதை வளர்ப்பது அப்புறம்.

அடுத்தது போஸ். கட்டாய போஸ்கள் மட்டும் ஏழு இருக்கின்றன. நீங்களே செய்து பாருங்கள்: இரண்டு கையையும் மடக்கித் தூக்கி, தொடையை இறுக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, முகத்தில் சிரிப்பு மாறாமல் இருபது விநாடி நில்லுங்கள். எனக்குப் பத்தாவது விநாடியில் தொடை பிடித்துக்கொண்டது, மனைவி தைலம் எடுத்து வந்தாள். போட்டியில் நடுவர்கள் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப அதையே செய்யச் சொல்வார்கள். மதிப்பெண்ணும் தலைகீழ்: முதல் இடத்துக்கு ஒன்று, இரண்டாம் இடத்துக்கு இரண்டு. கூட்டிக் குறைவாக வருகிறவன் ஜெயிப்பான்.

ஆகவே திறமை உண்டு, சந்தேகமே வேண்டாம். விளையாட்டா என்பதில்தான் எனக்கு இழுபறி. 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் யூஜின் சாண்டோ என்ற பயில்வான் ஒரு கட்டழகர் போட்டி நடத்தினார். (நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அதே சாண்டோ.) அவரோடு நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் ஒரு சிற்பியும், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலும். சிற்பியைக் கூப்பிட்டு மார்க் போடச் சொன்னார்கள் என்றால் பிறவியிலேயே அது பாதி கலை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2002 பூசானிலும் 2006 டோஹாவிலும் சேர்த்தார்கள், 2010 குவாங்சோவில் காணோம். ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருந்ததே இல்லை.

நீச்சல்குளத்தில் குதிப்பவனுக்கும் நடுவர்தான் மார்க் போடுகிறார். ஆனால் அவன் குதிப்பது நம் கண் முன்னால். கட்டழகர் போட்டியில் முக்கால்வாசி ஆட்டம் ஜிம்மிலும் அடுப்படியிலும் முடிந்துவிடுகிறது, மேடையில் நாம் பார்ப்பது மிச்சத்தை. அதனால் நான் அதைப் போட்டி என்பேன், விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜிம்மில் யாராவது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசியை நீட்டினால் வேறு ஜிம் பாருங்கள். மேடைக்கு முன் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறவன் பேச்சையும் கேட்காதீர்கள்.

எங்கள் லயத்துப் பையன் ஒருவன் பட்டணத்து மண்டபத்தில் மேடை ஏறியதைப் பார்க்கப் போயிருந்தேன். நான்காவதாக வந்தான். இறங்கி வந்து, சாயம் பூசிய விரலால் ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டான்: "அங்கிள், என் இடது கெண்டைக்கால் ஆடிச்சா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

"மூணாவது ஜட்ஜு பார்த்துட்டார்" என்றான்.