கேள்விக்குறிகளாக மாறும் தமிழ்ப் பெயர்கள்: கம்பைலரின் வாயை அடைக்கலாமா?

கேள்வி: பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் டெல்ஃபியின் 7-ஆம் பதிப்பில் எழுதிய பழைய கணக்கு நிரல் ஒன்றை அண்மைப் பதிப்புக்கு மாற்றினேன். ஓடுகிறது; ஆனால் ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் முந்நூறுக்கு மேல் எச்சரிக்கைகள் வருகின்றன. பெரும்பாலானவை டபிள்யூ1057, டபிள்யூ1058, சில டபிள்யூ1050. திரையில் தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றன. உரைக்கோப்பாகச் சேமித்தால் வெறும் கேள்விக்குறிகள். பழைய கோப்புகளில் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கும் பெயர்களைத் திறந்தால் ஏதேதோ குறிகள். உடன் வேலை செய்பவர், "எச்சரிக்கைகளை அணைத்துவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். அணைக்கலாமா?

பதில்: அணைக்காதீர்கள். முந்நூறையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டியதும் இல்லை. அவற்றில் ஒரு வகை உங்கள் தரவை அழிக்கிறது, ஒரு வகை சில இடங்களில் மட்டும் ஆபத்தானது, மூன்றாவது வகை பெரும்பாலும் வெறும் இரைச்சல். அவர் சொன்னபடி மொத்தமாக அணைத்தால் முதல் வகையும் சேர்ந்து மறைந்துவிடும்.

முதலில், எச்சரிக்கைகள் ஏன் திடீரென்று முளைத்தன? டெல்ஃபி 7-இல் 'ஸ்ட்ரிங்' (எழுத்துச் சரம்) என்றால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் கொண்ட அன்சிஸ்ட்ரிங். டெல்ஃபி 2009-இல் அதே சொல்லுக்குப் பொருள் மாறியது. அது யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-16 சரமாகிவிட்டது, ஓர் எழுத்தைக் கொள்ளும் 'சார்' இரண்டு பைட் ஆனது. நீங்கள் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, ஆனால் வரிகளின் பொருள் மாறிவிட்டது. நிரலில் எங்கெல்லாம் அன்சிஸ்ட்ரிங், ஷார்ட்ஸ்ட்ரிங் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் பழையதும் புதியதும் மோதுகின்றன. மோதும் இடத்தில் கம்பைலர் தானாகவே ஒரு மாற்றத்தைச் செருகிவிட்டு, 'இப்படிச் செய்திருக்கிறேன்' என்று உங்களுக்குச் சொல்கிறது. பைட்டிலிருந்து யூனிகோடுக்குப் போனால் 1057. யூனிகோடிலிருந்து பைட்டுக்கு இறங்கினால் 1058; இதில்தான் 'தரவு இழப்பு நேரலாம்' என்ற சொற்கள் வரும்.

'நேரலாம்' என்பது மேற்கு ஐரோப்பிய மொழிக்காரருக்குச் சொன்னது. தமிழுக்கு அது 'நேரும்'. விண்டோஸில் பல மொழிகளுக்கு அன்சி குறிப்பக்கம், அதாவது எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை, உண்டு: பிரெஞ்சு, ஜெர்மன் போன்றவற்றுக்கு 1252, தாய்லாந்து மொழிக்கு 874. தமிழுக்கு அப்படி ஒன்று ஒதுக்கப்படவே இல்லை. விண்டோஸைப் பொறுத்தவரை தமிழ் யூனிகோடு மட்டும் உள்ள மொழி. ஆகவே 'த' என்ற எழுத்தை அன்சிக்கு இறக்கினால் போய் உட்கார இடமே கிடையாது, கேள்விக்குறிதான் கிடைக்கும். பிரெஞ்சில் எழுதும் நிரலர் 1058-ஐப் பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருந்தாலும் பிழைத்துக்கொள்வார். அவர் எழுதிய ஆலோசனைகளைப் படித்துவிட்டுத்தான் நம்மவர்கள் எச்சரிக்கையை அணைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள், அவை நிறையச் சொல்லும். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. கோப்பில் சரியாக ஐந்து கேள்விக்குறிகள் இருந்தால் பெயர் அன்சி வழியே போயிருக்கிறது. அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்கவே முடியாது. கேள்விக்குறிக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம், பெரும்பாலும் எழுத்துருதான் இல்லை. தரவு பத்திரமாக இருக்கிறது. தலையில் கோடும் கொம்பும் வைத்த லத்தீன் எழுத்துகளும் குறிகளும் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மும்மூன்றாக வந்தால், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைப் பைட்டுகளை யாரோ 1252 என்று நினைத்துப் படிக்கிறார்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் என்பதால்தான் அந்த மும்மூன்று. இதையும் சரிசெய்துவிடலாம்.

இனி 1058-ஐ என்ன செய்வது? அணைக்கும் அதே $வார்ன் கட்டளையில் 'ஆஃப்' என்று எழுதும் இடத்தில் 'எரர்' என்று எழுதலாம். இழப்பு எச்சரிக்கைக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். அதன்பின் அந்த வரிகளைத் திருத்தாமல் நிரல் கம்பைல் ஆகாது. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான், ஆனால் முந்நூறு மஞ்சள் வரிகளுக்கு நடுவே ஆபத்தானவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திருத்தும்போது பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வரியின் வலப்பக்கத்தில் 'அன்சிஸ்ட்ரிங்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் சரத்தை வைத்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். மறைவதற்குக் காரணம் பிழை தீர்ந்தது அல்ல. வெளிப்படையான மாற்றத்துக்கு 1059, 1060 என்று தனி எச்சரிக்கைகள் இருக்கின்றன, அவை வழக்கமாக அணைந்தே இருக்கும். கேள்விக்குறி முன்போலவே வரும், கம்பைலர் மட்டும் பேசாது. ஏற்கெனவே யாராவது இப்படி 'திருத்தி' வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, ஒரே ஒரு முறை 1060-ஐ இயக்கிக் கம்பைல் செய்து பாருங்கள்.

சரியான வழி: நிரலுக்குள் எழுத்து எல்லாம் 'ஸ்ட்ரிங்' ஆகவே இருக்கட்டும். கோப்பு, வலை, பிறர் எழுதிய டிஎல்எல் என்று வெளியே போகும் வாசலில் மட்டும் 'டிஎன்கோடிங்.யூடிஎஃப்8' கொண்டு 'டிபைட்ஸ்' (பைட்டுகளின் வரிசை) ஆக மாற்றுங்கள். உள்ளே வரும்போதும் அதே வாசல். இடையில் அன்சிஸ்ட்ரிங் என்ற சொல் எங்கே தென்பட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். 'முன்பே அப்படி இருந்தது' என்பது காரணம் ஆகாது. பழைய ரெக்கார்டுகளில் நிலைத்த நீளமுள்ள ஷார்ட்ஸ்ட்ரிங் இருந்தால் கோப்பின் வடிவத்தையே மாற்றிவிடுவது நல்லது. அதன் உச்ச அளவான 255 பைட்டில் யூடிஎஃப்-8 தமிழ் 85 குறிகள்தான் கொள்ளும், உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் அதில் சேர்த்தி.

அடுத்து 1057. 'இழப்பு' என்ற சொல் இல்லாததால் இதை எல்லாரும் தாண்டிப் போவார்கள். பொதுவாக நானும் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஆனால் உங்கள் விஷயத்தில் திஸ்கிக் கோப்புகள் இருக்கின்றனவே! திஸ்கி என்பது எட்டு பிட் குறியாக்கம். பைட்டுகள் அப்படியே இருக்க, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. கம்பைலருக்கு இது தெரியாது. அந்தப் பைட்டுகளைக் கணினியின் அன்சிக் குறிப்பக்கத்தில் உள்ளவை என்று நம்பி யூனிகோடாக மாற்றுகிறது. கிடைப்பவைதான் நீங்கள் பார்த்த 'ஏதேதோ குறிகள்'. வேறு குறிப்பக்கம் அமைந்த கணினியில் அதே கோப்பு வேறு குப்பையாக வரும்.

திஸ்கிக் கோப்பைச் சரமாகப் படிக்கவே கூடாது. டிபைட்ஸ் ஆகப் படித்து, எந்தத் திஸ்கிப் பைட்டுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை வழியே யூனிகோடுக்கு மாற்றுங்கள். வெறும் அட்டவணை போதாது. திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது: 'கொ' என்பது அதில் கொம்பு, க, கால் என மூன்று. யூனிகோடில் மெய் முதலில், பிறகு ஒகரக் குறி, மொத்தம் இரண்டு. ஆகவே கொம்பைக் கண்டதும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்தை எழுதிவிட்டு, அதன் பின் கால் வருகிறதா என்று பார்த்து, வந்தால் இரண்டையும் ஒரே குறியாக்கி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் க, எகரக் குறி, கால் என்று மூன்றாக விட்டுவிடும் மாற்றிகளும் உண்டு. திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் 'கொடி' என்று தட்டித் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. ஏற்கெனவே அப்படிச் சேர்ந்துவிட்ட தரவை விண்டோஸின் 'நார்மலைஸ்ஸ்ட்ரிங்' கொண்டு, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

1050 எளிது. ஓர் எழுத்து குறிப்பிட்ட கணத்தில் இருக்கிறதா என்று 'இன்' போட்டுச் சோதிக்கும் வரிகளில் வரும். பாஸ்கல் கணத்துக்கு 256 உறுப்புகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். 0 முதல் 9 வரை என்பது போன்ற சோதனை என்றால் 'சார்இன்செட்' போட்டுவிட்டு நகருங்கள்.

பெயரில் எழுத்து மட்டுமே இருக்க வேண்டும் என்று சோதிக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். அங்கே 'இஸ்லெட்டர்' போடச் சொல்வார்கள், கேட்கவும் நியாயமாக இருக்கும். 'தமிழ்' என்று கொடுத்துப் பாருங்கள், நிராகரித்துவிடும்! யூனிகோடு வகைப்பாட்டில் த, ம, ழ ஆகியவை எழுத்துகள். இகரக் குறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, அவை எழுத்தோடு ஒட்டும் குறிகள். எழுத்தோடு குறி வகைகளையும் அனுமதித்தால்தான் தமிழ்ப் பெயர் நுழையும். இதன் தலைகீழ் 'இஸ்டிஜிட்'. அது ௧, ௨ போன்ற தமிழ் எண்களுக்கும் 'ஆம்' என்று சொல்லும்; ஆனால் அதே சரத்தை 'ஸ்ட்ர்டுஇன்ட்'டிடம் கொடுத்தால் பிழை எழும்பும்.

இப்போது உங்கள் கேள்விக்குறிக் கோப்புக்கு வருவோம். எச்சரிக்கைகள் அத்தனையையும் தீர்த்த பிறகும் அது அப்படியே இருக்கக் கூடும். 'டிஸ்ட்ரிங்லிஸ்ட்'டின் 'சேவ்டுஃபைல்' குறியாக்கம் எதுவும் கொடுக்காமல் அழைக்கப்பட்டால் விண்டோஸில் அன்சியில்தான் எழுதும், அதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. அழைக்கும்போது கோப்பின் பெயரை அடுத்து இரண்டாவதாக டிஎன்கோடிங்.யூடிஎஃப்8 கொடுங்கள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். வாங்குபவரின் மென்பொருள் அதைக் கண்டு மிரண்டால் 'ரைட்பாம்' பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

இதேபோல் கம்பைலர் வாய் திறக்காத இன்னோர் இடம், பழைய 'மூவ்', 'ஃபில்சார்', ஸ்ட்ரீமில் எழுதும் 'ரைட்' ஆகியவை. அவை கேட்பது பைட் எண்ணிக்கை. நீங்கள் கொடுப்பது 'லெங்த்'. அது இப்போது பைட்டைச் சொல்வதில்லை. 'தமிழ்' சரத்தின் லெங்த் 5, நினைவகத்தில் 10 பைட். ஐந்தை மட்டும் எழுதினால் இரண்டரைக் குறி போய்ச் சேரும், மூன்றாவது நடுவே அறுந்திருக்கும். 'சைஸ்ஆஃப்(சார்)' கொண்டு பெருக்குங்கள். 'காப்பி'யும் இந்த இனம்தான்: அந்தச் சொல்லில் முதல் நான்கை எடுத்தால் 'தமிழ' வரும். பழுதானதாகத் தெரியாது, வேறு சொல்லாகத் தெரியும். அச்சிட்டு வெளியே போன பிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டுமிடத்துக்கு அடுத்து குறியோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்து ஓர் எழுத்து பின்வாங்கி வெட்டுங்கள்.

கடைசியாக ஒன்று: உங்கள் கணினியில் எல்லாம் சரியாக வந்து, வாடிக்கையாளரிடம் மட்டும் கேள்விக்குறி வந்தால், விண்டோஸ் வட்டார அமைப்பில் 'பீட்டா' என்ற குறிப்போடு இருக்கும் யூடிஎஃப்-8 பெட்டியை நீங்கள் எப்போதாவது டிக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது அன்சிக் குறிப்பக்கத்தையே யூடிஎஃப்-8 ஆக்கிவிடுவதால் 1058 உங்கள் மேசையில் தீங்கற்றதாகிவிடும். டிக்கை எடுத்து, கணினியை மறுபடி தொடங்கி, அதன் பிறகு சோதியுங்கள்.