நாலு பேர் லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. கீழ் அறைகளைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள்; எங்கள் பங்குக்கு வந்தது மாடி. அப்பச்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். இரண்டாம் கட்டை ஒட்டி லிஃப்ட் போடலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். “நாலு பேர் லிஃப்ட் தாராளமாகப் போதும், வீட்டுக்கு லைசென்ஸ் எல்லாம் எதற்கு?” என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ‘நாலு பேர்’ என்பது எடைக் கணக்குதான். தலைக்கு 68 கிலோ என்று நாலு பேருக்கு 272 கிலோ. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 14665 அட்டவணைப்படி நாலு பேர் கேபினின் உள் அகலம் 1100 மி.மீ., ஆழம் வெறும் 700. கதவுத் திறப்பும் 700. அதாவது ஆழம் இரண்டேகால் அடியை ஒட்டித்தான். சாதாரண சக்கர நாற்காலியே மூன்றரை அடி நீளம் வரும். நாலு பேர் நிற்கலாம், அப்பச்சி உள்ளே போக முடியாது.

வீட்டு லிஃப்டுகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவில் செய்கிறது. அதனால் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கேபினின் உள் அளவும் கதவு முழுக்கத் திறந்தபின் கிடைக்கும் அகலமும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். நாற்காலியோடு தள்ளுகிறவரும் ஏற, 1100-க்கு 1400 மி.மீ. உள் அளவு வேண்டும். ஐரோப்பியத் தரநிலையும் இதையே சொல்கிறது. கதவு 800-க்குக் குறையக் கூடாது, 900 கிடைத்தால் நிம்மதி. அப்பச்சியை உட்கார வைத்து, கால் மிதியில் பாதம் வைத்தபடி நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். கீழே ஒரு பக்கமும் மாடியில் எதிர்ப்பக்கமும் கதவு வந்தால் நல்லது. நுழைந்தபடியே நேராக வெளியே வந்துவிடலாம். பக்கவாட்டுக் கதவு என்றால் உள்ளே நாற்காலியைத் திருப்ப வேண்டியிருக்கும், இந்த அளவு போதாது.

அப்புறம் சுவர். நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருக்காது. கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் தூக்குக்குண்டு விடச் சொல்லுங்கள். எங்கே இடம் மிகக் குறுகலோ, அந்த அளவுதான் உங்கள் அளவு. அந்தச் சுவரில் போல்ட் அடித்து, கேபின் ஏறி இறங்கும் ரெயிலை மாட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தனியாக இரும்புச் சட்டம் நிறுத்தி, பாரம் முழுவதும் அதன் வழியாகத் தரையில் இறங்கும்படி கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் தேக்கு உத்தரத்தை அறுத்துவிட்டால் பிறகு எந்தக் காசுக்கும் திரும்பாது. வளவு முற்றத்தில் போட யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் லிஃப்டுக்காகக் குழி வெட்டுவானேன்?

லிஃப்ட் வந்தாலும் வாசல் படிகள் இருக்கின்றனவே! தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்றடி உயரம் என்றால், ஓரடிக்குப் பன்னிரண்டடி என்ற வழக்கமான சரிவில் முப்பத்தாறு அடிச் சாய்தளம் வேண்டும். உள்ளே ஒவ்வொரு நிலைப்படியிலும் நாற்காலி முட்டும். கொல்லைப் பக்கத் தெரு வழியாக வருகிற பாதையைப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் படி குறைவு.

லைசென்ஸ் விஷயத்தில் அவர் பேச்சை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டம் இருக்கிறது. பொருத்துவதற்கு முன் அனுமதி, பொருத்தியபின் இயக்க உரிமம், இரண்டுக்கும் மின் ஆய்வுத் துறைதான். கம்பெனியே விண்ணப்பித்து வாங்கித் தரும் என்றும், கடைசித் தவணை உரிமம் கையில் வந்தபின்தான் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். பொது இடத்தில் கை வைக்கிறீர்கள், பராமரிப்புச் செலவு யாருக்கு என்ற பேச்சு பின்னால் வரும்.

கேள்வி: காரைக்குடியில் மூன்று மாடி வீடு கட்டுகிறோம். லிஃப்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஐந்தடிக்கு ஐந்தடி இடம் விட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: சின்ன வீட்டு லிஃப்டுகளில் சில அதில் அடங்கும். கயிறும் எதிர்எடையும் வைத்த வழக்கமான லிஃப்டுக்குப் பத்தாது. மேலே சொன்ன ஐ.எஸ். அட்டவணையில் எட்டுப் பேர் லிஃப்டின் ஷாஃப்ட், அதாவது கேபின் ஏறி இறங்கும் கூடு, 1900-க்கு 1900 மி.மீ. ஆகவே பூச்சு போக, உள்ளே ஆறரையடிச் சதுரம் விடுங்கள். குழிக்கு ஏறக்குறைய ஐந்தடி ஆழம், கடைசித் தளத்தின் தரையிலிருந்து மேலே பதினாலடி உயரம் என்று இப்போதே வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். தூண் அஸ்திவாரம் குழிக்குள் நீட்டிக்கொண்டு வந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. குழிக்கு நீர்க்கசிவுத் தடுப்பும் உண்டு. லிஃப்ட் வரும்வரை சும்மாதானே கிடக்கிறது என்று பிளம்பர் அதற்குள் குழாய் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குச் சம்பந்தமில்லாத குழாயோ ஒயரோ ஷாஃப்டுக்குள் போகக் கூடாது.