பருப்புக்கீரைப் பூவில் ஒரு வானியலாளர்

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். மகரந்தத்தூளிலிருந்து சூலை நோக்கி வளரும் மகரந்தக்குழலை முதலில் கண்டவர் அமீச்சி என்ற வானியலாளர் என்று ஓர் உரையில் போகிறபோக்கில் சொன்னீர்கள். வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரு மாணவி, “வானத்தைப் பாக்குறவருக்குப் பூவுல என்ன வேலை மிஸ்? ஏதோ அதிர்ஷ்டத்துல கண்ணுல பட்டிருக்கும்” என்றாள். பெயரும் 1824 என்ற ஆண்டும் தவிர எனக்கும் எதுவும் தெரியவில்லை. அதிர்ஷ்டம்தானா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அது அவர் வீட்டுக் கதவைத் தட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

ஜோவன்னி பத்தீஸ்தா அமீச்சி 1786இல் இத்தாலியின் மோதெனாவில் பிறந்தவர். பொலோன்யாவில் பொறியியலும் கட்டடக்கலையும் படித்துவிட்டு ஊர் திரும்பிக் கணிதம் கற்பித்தார். டஸ்கனியின் ஆட்சியாளர் இரண்டாம் லியோபோல்டு அழைத்து, ஃபுளோரன்ஸ் வானாய்வகத்துக்கு அவரை இயக்குநராக்கியது 1831இல்தான். ஆகவே பூவைப் பார்த்த நாளில் அவர் பதவியால் வானியலாளர் அல்ல. கண்ணாடி தேய்ப்பவர். என் கணிப்பில் கடைசிவரை அவர் அதுதான்.

அன்றைய கூட்டு நுண்ணோக்கிகளில் பெரிய தொல்லை, எதைப் பார்த்தாலும் விளிம்பில் வண்ணங்கள் பிரிந்து தெரிவது. லென்ஸ் ஒளியைப் பிரிக்கும், ஆடி பிரிக்காது. தொலைநோக்கி செய்பவர்களுக்கு நியூட்டன் காலத்திலிருந்தே இது தெரியும். அமீச்சி அந்த உத்தியை அப்படியே சின்னதாக்கி, பொருளருகு லென்ஸ் (பார்க்கும் பொருளுக்கு அருகே உள்ள லென்ஸ்) இருக்க வேண்டிய இடத்தில் உலோகக் குழியாடியை வைத்து நுண்ணோக்கி செய்தார். மாணவியிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் அவர் பட்டறையில் ஒரே மேசைதான். நிறம் பிரிக்காத லென்ஸ்கள் 1820களில் வரத் தொடங்கியதும் லென்ஸுக்கே திரும்பினார். 1827இல் தன் கருவியைப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் எடுத்துச் சென்று காட்டினார். பின்னாளில் பொருளருகு லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கும் முறையையும் கொண்டுவந்தார். கல்லூரி ஆய்வகங்களில் இன்று சொட்டு எண்ணெய் விடுகிறார்களே, அதன் மூதாதை.

இனி பூவுக்கு வருவோம். பாசி போன்ற காரா என்ற நீர்த்தாவரத்தின் செல்லுக்குள் சாறு சுற்றி ஓடுவதைப் பற்றி 1818இலேயே அவர் எழுதியிருந்தார். அதே ஓட்டம் வேறு செடிகளிலும் உண்டா என்று தேடிப் போனவர், பருப்புக்கீரைப் பூவின் சூலகமுடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியில், உள்ள மெல்லிய மயிர்களை நுண்ணோக்கியில் வைத்தார். ஆமாம், நம் கீரைக்காரரிடம் கட்டாகக் கிடைக்கும் அதே போர்ச்சுலாக்கா ஒலரேசியா. ஒரு மயிரில் மகரந்தத்தூள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்து, குழல் ஒன்றை நீட்டியது. குழல் மயிரின் பக்கவாட்டில் ஒட்டியபடி வளர, அதற்குள் நுண்துகள்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மகரந்தத்தை நீரில் போட்டால் வெடித்துத் துகள்களைக் கக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். கருவுறுதலும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் நம்பினார்கள். அமீச்சி பார்த்தது பூவின் மேலேயே இருந்த மகரந்தத்தை. அந்தத் தூள் அங்கே ஒட்டியிருந்தது தற்செயல். செல்லுக்குள் ஓடும் துகளைக் காட்டும் கருவியும், அதைப் பல வருடம் பார்த்துப் பழகிய கண்ணும் தற்செயல் அல்ல.

எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது அதற்குப் பிறகு நடந்ததால். குழல், சூலகமுடிக்குக் கீழே உள்ள சூலகத்தண்டு வழியே இறங்கிச் சூல்வரை போகிறது என்று 1830இல் எழுதினார். ஜெர்மனியில் ஷ்லைடன், செல் கொள்கையில் உங்கள் பாடத்தில் வருகிறவரேதான், 1837இல் ஒரே போடாகப் போட்டார்: குழலின் நுனியே சூலுக்குள் புகுந்து கருவாகிறது, சூல் வெறும் விளைநிலம். அப்படியென்றால் கரு முழுக்க ஆண்வழி வந்தது, பெண்வழி இடம் கொடுத்ததோடு சரி! ஷ்லைடனின் குரல் பெரியது, பேனா கூரியது. அமீச்சி சண்டைக்குப் போகவில்லை. ஆர்க்கிடுகளை அறுத்துப் பார்த்து 1846இல் பதில் தந்தார்: குழல் வந்து சேரும் முன்பே சூலுக்குள் கருவாகப்போகும் ஒரு சிற்றுறுப்பு காத்திருக்கிறது, குழல் வந்த பிறகு அதுதான் வளர்கிறது. 1849இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் பல செடிகளில் இதை உறுதி செய்தார். 1856இல் ஷ்லைடனின் மாணவர் ராடில்கோஃபரும் அமீச்சி பக்கமே தீர்ப்புச் சொன்னார். இரண்டு உட்கருக்கள் இணைவதைக் காண மட்டும் 1884இல் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் வர வேண்டியிருந்தது.

வானியலில்? இரட்டை விண்மீன்களையும் வியாழனின் துணைக்கோள்களையும் பார்த்தார். ஆனால் இரவுதோறும் முறையாக அளந்து பட்டியல் போடும் பொறுமை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை; ஓர் ஆய்வக இயக்குநருக்கு அது குறைதான். 1858இன் பெரிய வால்விண்மீனைக் கண்டுபிடித்த டொனாட்டி அவருடைய உதவியாளர். அமீச்சியின் பெயர் நிலைத்தது கருவிகளில்: அமீச்சி பட்டகம் இன்றும் ஒளியியல் பாடத்தில் இருக்கிறது. அவர் இறந்தது 1863இல்.

செய்முறை வகுப்பில் காட்ட நினைத்தால் ஒரு குறிப்பு. பருப்புக்கீரைப் பூ நல்ல வெயில் ஏறிய பிறகே விரியும், சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். முதல் பீரியடில் தேடினால் மொட்டுதான் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது பீரியடை முயன்று பாருங்கள்.